மறுபடி வராத மஞ்சள் படிகம்

1

ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவன் என்பது உத்திரமேரூர்ப் பக்கம் பலருக்குத் தெரியும். அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன். ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஊரில், வேதியியல் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். மேல்மாடிகளில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அழுக்காக்கிய குடுவை, புனல், குழாய் எல்லாம் தள்ளுவண்டியில் கீழே வரும். ஊறவைத்து, தேய்த்து, உலர்த்தி, மேலே கொண்டுபோய் அந்தந்த அறையில் வைப்பேன். பெரிய வேலை இல்லை. கேவலமான வேலையும் இல்லை.

அங்கே போய்ச் சேர்ந்தது நேர்வழியில் அல்ல. செங்கல் சூளை, அரிசி ஆலை, சென்னையில் ஓட்டல், மஸ்கட்டில் ஓட்டல். எங்கேயும் கால் தரிக்கவில்லை. வேலை பிடிக்காமல் விட்டதைவிட இடம் சலித்துப்போய் விட்டதுதான் அதிகம். மஸ்கட்டில் நான் தோசை வார்ப்பதைப் பார்த்த ஒருவர் ஜெர்மனியில் தன் உறவினரின் ஓட்டலுக்குச் சமையல்காரனாக அனுப்பிவைத்தார். சில வருடங்களில் அந்த ஓட்டலை மூடிவிட்டார்கள். என் விசா அந்த ஓட்டலோடு கட்டப்பட்டது. மனைவி வள்ளியும் மகள் கயலும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பப்பட்டு, ஒருவழியாக இந்த வேலை கிடைத்து, தங்கிவிட்டோம்.

ஜெர்மன் மொழியிலும் நீ என்றும் நீங்கள் என்றும் இரண்டு உண்டு. ஓட்டல் மூடிய சமயத்தில் அந்த அலுவலகத்து அதிகாரி அம்மாவை நான் நீ என்றே பேசிக்கொண்டிருந்தேன். அவர் என்னை நீங்கள் என்றார். என் விண்ணப்பத்தை மறுத்தபோதும் நீங்கள் என்று சொல்லித்தான் மறுத்தார். வெளியே வந்ததும் விசா போன கவலையைவிட அதுதான் மண்டையில் ஓடியது. அதற்கு முன் யாரும் எந்த மொழியிலும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கீழே உள்ள இருளர் குடியிருப்பில் பிறந்தவன்.

2

கிருபாகரன் ஒருநாள் தள்ளுவண்டியோடு அவனே கீழே இறங்கி வந்தான். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சியாளன். முப்பதுக்கு மேல் இருக்கும். என் கைப்பேசியில் வள்ளி பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றான்.

"அண்ணா, நீங்க காஞ்சிபுரம் பக்கமா?"

"உத்திரமேரூரு."

"அடப்பாவி! நானும் உத்திரமேரூர்தாண்ணா!" என்று என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, கேட்காமல் இருக்க மாட்டார்களே, அதைக் கேட்டான். "எந்தத் தெரு?"

"தெரு இல்ல தம்பி. ஏரிக்கர. எங்க காலனி."

கை விடவில்லை. ஒரு நொடி தளர்ந்து, மறுபடி பிடித்தது. அந்த ஒரு நொடியை நான் கவனித்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் கவனிப்பார்கள், அது பழக்கம். அவன் அப்பா பெயரைச் சொன்னதும் எனக்குக் குடும்பம் தெரிந்துவிட்டது. ஊர்த்தெருவில் நிலபுலன் உள்ளவர்கள். என் அப்பா அவர்கள் நிலத்தில்தான் நடவுக்கும் அறுப்புக்கும் போவார். நெல் அடித்துத் தூற்றும்வரை நாங்கள் களத்தில் இருக்கலாம். குவியல் சேர்த்து, அதைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டுவிட்டால், கோட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கி நின்றுவிட வேண்டும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே கோடு எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

கிருபாகரனுக்கு அந்தக் கதை தெரியுமோ தெரியாதோ, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர ஆரம்பித்தான். வள்ளி வைக்கும் கருவாட்டுக் குழம்புக்காகவே பேருந்து பிடித்து வருவான். கயலுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். அவள் ஜெர்மனில் கேட்பாள், இவன் தமிழில் சொல்வான். "இன்னா பொண்ணுண்ணா இது, திட்டுனாகூட புரியாத பாஷைல திட்டுது" என்பான். நாங்கள் வீட்டில் தமிழில் கேட்டாலும் அவள் பதில் ஜெர்மனில்தான் வரும். எங்களுக்காகத் தமிழில் பேசும்போது புத்தகம் படிப்பதுபோல் பேசுவாள். அவன் வந்துபோக ஆரம்பித்தபின் கொஞ்சம் ஊர்ப்பேச்சு ஒட்டியது. அதற்காகவே வள்ளி அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

3

அவன் ஆராய்ச்சி என்னவென்று ஒரு ஞாயிறு எனக்கு விளக்கினான். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

கரியை அடிப்படையாகக் கொண்ட பொருள்களைப் புதிது புதிதாகச் செய்வது ஒரு வேலை. செய்த பொருளைத் திரவத்தில் சூடாகக் கரைத்து, மெதுவாக ஆறவிட்டால் படிகமாக விழும், கற்கண்டு விழுவதுபோல. அந்தப் படிகத்தில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. ஒரே பொருள் இரண்டு விதமாக அடுக்கிக்கொள்ளலாம். இது எனக்கு உடனே பிடிபட்டது. சூளையில் பச்சைக்கல்லைக் காயவைக்க ஒருவிதமாக அடுக்குவோம், சுட வேறுவிதமாக அடுக்குவோம். கல் அதேதான். அடுக்கு மாறினால் காற்று போவது, சூடு ஏறுவது எல்லாமே மாறும். மருந்தில் அடுக்கு மாறினால் அது உடம்பில் கரையும் வேகமே மாறிவிடுமாம்.

கிருபாகரன் செய்த பொருள் முதல் தடவை மஞ்சள் ஊசிகளாக விழுந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். யாரும் எதிர்பார்க்காத அடுக்கு. அவனுடைய பேராசிரியை கேக் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார், எனக்கும் கீழே ஒரு துண்டு வந்தது. கட்டுரை எழுதி ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். பத்திரிகைக்காரர்கள், மறுபடி செய்து இன்னும் சில அளவுகள் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள்.

மறுபடி செய்தான். சிவப்புக் கட்டியாக விழுந்தது. அதே பொருள், வேறு அடுக்கு. இன்னொரு தடவை செய்தான். சிவப்பு. வேறு திரவம், வேறு சூடு, எல்லாம் மாற்றிப் பார்த்தான். சிவப்பேதான். மஞ்சள் திரும்ப வரவே இல்லை. முதலில் கிடைத்த ஊசிகளை எடுத்துப் பார்த்தால், மூடிவைத்த குப்பிக்குள்ளேயே அவையும் சிவந்துபோயிருந்தன.

இப்படி நடப்பதுண்டாம். சிவப்பு அடுக்குதான் உறுதியானது. அது உலகத்தில் ஒருமுறை பிறந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அதன் துகள் அறைக் காற்றில், மேசையில், துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆறிக்கொண்டிருக்கும் கரைசலில் அப்படி ஒரு துகள் விழுந்தால் போதும், மொத்தமும் அதைப் பார்த்து அதேபோல் அடுக்கிக்கொள்ளும். அந்தத் துகள் போகாத இடத்தில்தான் பழைய படிகம் விழும்.

"அப்போ மஞ்சள் விழுந்ததுக்குப் படம் இருக்கே" என்றேன்.

"படம் கீது. திரும்ப செஞ்சு காட்ட முடியலன்னா, வேற எதையோ வச்சு எடுத்த படம்னு சொல்வாங்க. என் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. அங்கங்க சொல்வாங்க."

பேராசிரியை நல்லவர்தான். ஆனாலும் முடிவாகச் சொல்லிவிட்டார். அவன் ஒப்பந்தம் முடிவதற்குள் மஞ்சளைச் செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடியும். வேலை இல்லாமல் ஊருக்குப் போவதைப் பற்றி அவன் பயப்படவில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டியவன் என்ற பெயரோடு போவதைப் பற்றித்தான் பயம். அந்தப் பெயர் ஒட்டினால் இந்தத் துறையில் எங்கேயும் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

4

பழைய கட்டடத்தில் வெகுநாள் பூட்டிக்கிடந்த ஓர் அறையை அவனுக்குக் கொடுத்தார்கள். புதுக் கண்ணாடிச் சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்தன. ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. புதுச்சாமானை முதலில் கழுவுவது என் வேலை. ஏன் வரவில்லை என்று பார்க்கப் போனேன். அறை வாசலில் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. அவன் உள்ளே முழுக்க மூடிய வெள்ளை உடையில் நின்றான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தான்.

"அண்ணா, அங்கயே நில்லுங்க. கோட்ட தாண்டாதீங்க."

நின்றுவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கால் தானாகவே பின்னால் போனது. அது போனதுதான் எனக்குக் கோபம்.

அந்த ஞாயிறு அவன் சாப்பிட வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. வள்ளி கூப்பிட்டுக் கேட்டாள். "அக்கா, கொஞ்ச நாளைக்கு உங்க வூட்டுக்கு நான் வரக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டான். அவசரத்தில் இருந்தானாம்.

வள்ளி குழம்புச் சட்டியை அடுப்பில் டங்கென்று வைத்தாள். "வரக்கூடாதாம். யாரு சொன்னது வரக்கூடாதுன்னு? அவங்க ஆத்தா சொன்னாளா? இத்தினி நாளு தின்னது செரிச்சிப் போச்சு, இப்ப ஞாபகம் வந்துடுச்சு ஊர்த்தெருக்காரனுக்கு."

கயல் நிமிர்ந்து பார்த்து, "என்ன ஞாபகம்?" என்றாள்.

வள்ளி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடம் இதையெல்லாம் நாங்கள் சொன்னதே இல்லை. சொல்லாமல் இருந்தால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்திருந்தோம்.

"ஏன் அவனிடம் கேட்கவில்லை, அப்பா? கேட்டால் சொல்வான்" என்றாள். அங்கே பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், எதுவானாலும் கேள் என்று. கேட்டால் என்ன பதில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் கேட்பதில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஆனாலும் மறுநாள் போனேன். அவன் அறைக்கு வெளியே, நடையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் தள்ளி நின்று, என் அப்பா அவன் அப்பாவைக் கூப்பிடும் குரலிலேயே கூப்பிட்டேன்.

"சின்ன ஐயா, உள்ள வரலாமா, இல்ல கோட்டுக்கு வெளியவே நிக்கணுங்களா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, இன்னாண்ணா இது?"

"நீ சொல்லு தம்பி. என் கை பட்ட குடுவ உனுக்கு ஆவாது. என் வூட்டு சோறு ஆவாது. நேரா சொல்லிடு, பேஜார் இல்ல. எனுக்குப் பழக்கம்தான்."

எழுந்து என் பக்கம் வந்தவன் பாதியில் நின்றான். "உங்க சட்டைல கீதுண்ணா அந்த சிவப்பு. எல்லா ரூமு குடுவையும் உங்ககிட்டதான் வருது. உங்க வூட்டு சோபால கீது. என்கூட வேல செய்யற ஸ்டெஃபான், மேல் ரூமு பொண்ணுங்க, பேராசிரியை, அவங்க எல்லாரையும்தான் வராதீங்கன்னேன். போர்டுகூட எழுதி வச்சேன்."

போர்டு இருந்தது. ஜெர்மனில். நான் அதைப் படிக்கவே இல்லை. நாடாவைப் பார்த்ததோடு எனக்குப் படிப்பு முடிந்துவிட்டது.

"சரி, யாரும் வர்லியே. மஞ்சள் வந்துச்சா?"

அவன் மறுபடி சுவரில் சரிந்து உட்கார்ந்தான். "இன்னிக்குக் காலைல பாத்தேன். செவப்பு." தலைமுடியைக் கையால் தட்டிக்கொண்டு, "எல்லாரையும் வெளிய நிறுத்துனேன். நான் உள்ள போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். என் தலமுடில கீது, மூக்குல கீது. எல்லாரவிட நாந்தான் அதிகமா எடுத்துக்கினு திரியறேன். அந்த ரூமுக்குள்ள போவவே கூடாதவன் நாந்தாண்ணா" என்றான்.

அவன் சொன்னதை நம்பினேனா என்றால், முக்கால்வாசி நம்பினேன். மிச்சத்தை நம்புவதற்கு நான் வேறு மாதிரி வளர்ந்திருக்க வேண்டும்.

5

அவன் கண்டுபிடித்த வழி உத்திரமேரூர்தான். அவனோடு படித்த ஜெயந்தி, காஞ்சிபுரம் சாலையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். அங்கே இந்தப் பொருளின் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. மூலப்பொருள்களைச் சென்னையில் புதிதாக வாங்கி, அவர் கையாலேயே முதலிலிருந்து செய்வது. படிகம் விழுந்தால் சென்னையில் எக்ஸ்ரே இயந்திரம் உள்ள இடத்துக்கு அவரே எடுத்துப்போவது. கிருபாகரன் போனில் சொல்வதோடு சரி, கிட்டேயே போகக் கூடாது. அதற்கு அவன் ஜெர்மனியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் முடிய இன்னும் சில வாரங்களே. அவனால் அங்கே உட்கார முடியவில்லை. கயலின் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் வரும் விமானத்திலேயே அவனும் டிக்கெட் எடுத்தான்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் வேட்டி, சட்டை, செருப்பு எல்லாம் புதிதாக வாங்கி மாற்றிக்கொண்டான். போட்டுவந்ததைப் பெட்டிக்குள் திணித்துப் பூட்டினான். வீட்டில் அதை நெல் குதிர் இருக்கும் அறையில் ஒரு மூலையில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

இதில்தான் தப்பு செய்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவன் பெட்டி என்றால் அது அவனுடைய பெட்டி இல்லை. வந்த அன்றே கூடத்து நடுவில் வைத்துத் திறக்க வேண்டும். அத்தை, சித்தி, பக்கத்து வீடு எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கும். சாக்லேட் ஒருவருக்கு, சென்ட் ஒருவருக்கு, சோப்பு ஒருவருக்கு. கொடுப்பது எவ்வளவு என்பதைவிட எல்லாருக்கும் எதிரில் திறப்பதுதான் முக்கியம். திறக்காவிட்டால் பேச்சு வரும். அவனுக்கும் வந்தது. வெறும் பெட்டி என்றார்கள். வேலை போய்விட்டது, அதனால்தான் திடீரென்று வந்திருக்கிறான் என்றார்கள். அங்கே ஒருத்தி இருக்கிறாள், அவள் துணிமணி உள்ளே இருக்கிறது என்றுகூடச் சொன்னார்களாம்.

இந்தப் பேச்சு தாங்காமல் அவன் காலையில் கிளம்பி எங்கள் குடியிருப்புக்கு வந்துவிடுவான். என் தம்பி மாரி வீட்டு வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பான். முதல் இரண்டு நாள் எங்கள் ஆட்கள் எட்டி நின்றே பார்த்தார்கள். பிறகு என் தம்பி மனைவி, "இன்னா சார், நாஷ்டா துன்னியா?" என்று கேட்டு இட்லி கொண்டுவந்து வைத்தாள். தின்றான். எனக்கு இன்னும் அந்த மிச்ச கால்வாசி உள்ளே இருந்தது. அவன் இட்லியைத் தின்னும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே வெட்கமாகி வேறு பக்கம் திரும்பினேன்.

ஜெயந்தி செய்த பொருள் தயாராகிவிட்டது. அன்றைக்குக் கரைத்து ஆறவைக்கும் நாள். காலையில் அவர் போனில் பேசியது எனக்கும் கேட்டது.

"கிருபா, கரைச்சாச்சு. தெளிவா கீது. மெதுவா ஆறிக்கினு கீது. நீ சும்மா சும்மா போன் பண்ணி என் உயிர எடுக்காத."

"கதவ மூடிட்டியா? ஃபேனு?"

"ஃபேன ஆஃப் பண்ணிட்டு வேர்த்து ஊத்திக்கினு ஒக்காந்துகினு கீறேன். நீ மட்டும் காலேஜு கேட்டாண்ட வந்தே, வாட்ச்மேன வுட்டு தொரத்துவேன், சொல்லிட்டேன்."

கரைசல் ஆறி, இன்னும் படிகம் விழாமல் நிற்கும் அந்த நேரம்தான் ஆபத்து என்று கிருபாகரன் சொன்னான். எதையாவது பார்த்து அதேபோல் அடுக்கிக்கொள்ளத் தயாராக நிற்குமாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் அப்பா கூப்பிட்டார். இவன் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றான்.

"எப்போப்பா? எதுல போனாங்க? பெட்டில இருந்து இன்னா எடுத்தாங்க?"

போனை வைத்துவிட்டுச் சொன்னான். அம்மா பூட்டை உடைத்துப் பெட்டியைத் திறந்துவிட்டார். நமக்காக இவ்வளவு பாடுபடுகிற பெண்ணை வெறுங்கையோடு விடுவதா என்று சாக்லேட், சோப்பு, அதோடு ஒரு நீல ஸ்வெட்டரும் எடுத்து ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் கல்லூரிக்குப் போய்விட்டார். அந்த ஸ்வெட்டர் ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கூடத்து நாற்காலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கே அதைத் தெரியும். கிருபாகரன் ஜெயந்திக்குப் போன் போட்டான். தொல்லை தாங்காமல் அவர் போனை அணைத்து வைத்திருந்தார்.

6

மாரியின் பைக்கை நான் ஓட்டினேன். கிருபாகரன் பின்னால். ஏரிக்கரை மேல் போகிற மண் வழி குறுக்கு வழி. அறுப்புக்கு வந்த இயந்திரம் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. கரைச்சரிவில் இறக்கி ஏற்றினேன். பின்னால் அவன் என் சட்டையை இறுகப் பிடித்திருந்தான்.

கல்லூரி வாசலுக்கு எதிரே சாலையிலேயே வண்டியை நிறுத்தினேன். வாசலைத் தாண்ட நாங்கள் இரண்டு பேருமே கூடாது. உள்ளே, மரங்களுக்கு நடுவில், அவன் அம்மா ஒயர் கூடையோடு நடந்துகொண்டிருந்தார். வேதியியல் கட்டடத்தின் படிக்கட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"அம்மா! நில்லும்மா! உள்ள போவாத!"

அவர் திரும்பிப் பார்த்து, கையை ஆட்டிவிட்டு, மறுபடி நடந்தார். வெயிலில் நடக்காதே என்று அன்பாகக் கூப்பிடுகிறான் என நினைத்திருப்பார். வாட்ச்மேன் எழுந்து வந்து எங்களைத் தடுத்தார், தேவையே இல்லாமல். நாங்கள் நின்ற இடத்திலேயேதான் நின்றோம். கிருபாகரன் மறுபடி கத்தப் பார்த்தான். வாய் அசைகிறது, குரல் வரவில்லை.

நான் கத்தினேன். சூளையில் லாரிக்காரனைக் கூப்பிடும் குரல் அது. "அம்மா! அங்கயே நில்லு! படி ஏறாத! கூடைய கீழ வை!"

ஒருமையில் கத்திவிட்டேன். அந்த வீட்டு அம்மாவை எங்கள் ஆட்கள் யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அது வேலை செய்தது. அவர் ஒரு காலை முதல் படியில் வைத்தபடியே நின்றுவிட்டார். பிறகு விறுவிறுவென்று எங்களை நோக்கித் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யார்டா அது என்ன வாசல்ல நில்லுன்றது? ஒரு பொண்ணுக்கு கையால ஒரு பொருள் குடுக்க வந்தா, படி ஏறக்கூடாதா? தொரத்துறீங்க? நான் இன்னா..."

அங்கே நிறுத்தினார். அப்போதுதான் கத்தியது யார் என்று பார்த்தார். நான், ஏரிக்கரை ஏழுமலை. சொல்ல வந்த வார்த்தை வாயிலேயே இருந்தது. அது என்ன வார்த்தை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவர் மகனுக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. நானும் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, உன் மேல ஒண்ணும் இல்ல" என்றான் கிருபாகரன், குரல் திரும்பி. "அந்த ஸ்வெட்டருல கீது. என் மேலயும் கீது. இவரு மேலயும் கீது. அதான் நாங்களும் ரோட்லயே நிக்கிறோம், பாரு."

"இன்னா கீது?"

"தூசு."

"தூசுக்காடா இந்தக் கூச்சல்?"

அவன் கண் கட்டடத்தின் மேலேயே இருந்தது. அவர் படியில் கால் வைத்தாரே, கதவு எவ்வளவு திறந்திருந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

எங்கள் சத்தம் மேலே கேட்டிருக்க வேண்டும். ஜெயந்தி மாடி ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றார். திறக்கவில்லை. கையால், இருங்கள் என்று காட்டிவிட்டு மறைந்துவிட்டார். பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை.

சாலையோரப் புங்கமரத்தடியில் மூன்று பேரும் நின்றோம். அவன் அம்மாவுக்குக் கால் வலி. கொஞ்ச நேரத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வேர் மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்காமலே, "நீயும் ஒக்காரு. எத்தினி நேரம் நிப்ப" என்றார். உட்கார்ந்தேன். கிருபாகரன் மட்டும் உட்காரவில்லை. சாலையில் போகிற பேருந்து ஒவ்வொன்றும் எழுப்பும் புழுதியைப் பார்த்துவிட்டு அவன் அந்த ஜன்னலைப் பார்ப்பான்.

"அவன் இன்னா தப்பு பண்ணிட்டான்?" என்று மெதுவாகக் கேட்டார். "என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்றான். பெட்டி தொறக்க மாட்டேன்றான். ராவுல தூங்குறதில்ல. நீ கூடவே கீறியே, உனுக்குத் தெரியும். சொல்லு."

"தப்பு ஒண்ணும் பண்ணலம்மா. அங்க மஞ்சளா ஒண்ணு செஞ்சான். திரும்ப செஞ்சா செவப்பா வருது. முதல்ல செஞ்சேன்னு சொன்னது பொய்னு சொல்லிடுவாங்கன்னு பயப்படறான். இங்க மஞ்சளா வந்துட்டா, அவன் பொய் சொல்லலன்னு தெரிஞ்சிடும்."

"என் புள்ள பொய் சொல்ல மாட்டான்னு எனுக்குத் தெரியும். அத்த இன்னொருத்தன் மஞ்சளா செவப்பான்னு பாத்து சொல்லணுமா?"

"அவங்களுக்கு அப்படித்தாம்மா."

அவர் கூடைக்குள் கையை விட்டு ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை போலும். கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வெயில் சாய்ந்தபின்தான் ஜன்னலில் ஜெயந்தி வந்தார். முகம் முழுக்க வியர்வை. கையில் மூடிய சின்னக் குப்பி. கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும்? ஒரு புள்ளி. ஆனாலும் அந்தப் புள்ளி சிவப்பு இல்லை.

"அண்ணா, எனுக்குக் கண்ணு மறைக்குது. இன்னா கலரு? சொல்லுங்கண்ணா."

"மஞ்சள்."

"நெஜமா சொல்லுங்க."

"மஞ்சள்டா."

அவன் அம்மா என் தோளைப் பிடித்து எழுந்தார். இதை நான் கவனித்தேன். அவர் கவனித்தாரா என்று தெரியாது. எழுந்தவர் கண்ணைச் சுருக்கி ஜன்னலைப் பார்த்துவிட்டு, மகனைப் பார்த்து, "இதுக்கா?" என்றார். கிருபாகரன் சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

7

அதோடு முடியவில்லை. எக்ஸ்ரே சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஜெயந்தி குப்பியைக் கைப்பைக்குள் வைத்துச் சென்னைப் பேருந்தில் ஏறினார். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், டீக்கடை ஓரமாக, நானும் அவனும் நின்றோம். ஜெயந்தி எங்களைப் பார்த்ததும் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டார். "கிட்ட வந்தீங்கன்னா எறங்கி ஒதைப்பேன்" என்று போனில் செய்தி வந்தது.

தன் பெயரைக் காப்பாற்ற வந்த படிகத்தை அவன் ஒருமுறைகூடக் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. இனியும் பார்க்க முடியாது. அவன் பார்க்கப் போனால் அது இருக்காது.

நான்காம் நாள் சென்னையிலிருந்து முடிவு வந்தது. அதே அடுக்கு. ஜெர்மனியில் எடுத்த படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பேராசிரியைக்கு அவன் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதில்லை, இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டக் கேட்கிறேன், கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றாராம். அவனுக்கு அது போதும். வேலை போனாலும் பெயர் போகாது.

"அண்ணா" என்றான், போனை வைத்துவிட்டு. "அங்க இனிமே செவப்புதான். மஞ்சள் வேணும்னா இங்க ஜெயந்திகிட்டதான் கேக்கணும். என்ன மட்டும் சேக்காம."

"எத்தன நாளைக்கு?"

"நான் இங்க வந்துபோய்க்கினு இருந்தா ரொம்ப நாள் இல்ல. எப்பவாவது ஒரு நாள் இந்த ஊர்லயும் செவப்பு வந்துடும்."

"அப்போ ஊருக்கு வராத."

"வராம இருக்க முடியுமாண்ணா?"

அவன் அம்மா மதியம் சாப்பாட்டுக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார், வள்ளியையும் கயலையும் சேர்த்து. கூடத்திலா, பின்கட்டிலா என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கயல் மட்டும், "கேளுங்களேன்" என்றாள். கேட்காமலே கிளம்பினோம்.